ஒரே சொல்லில் பதில் தரவும்

'உங்கள் தாயாரின் குடும்பப் பெயர் என்ன? ஒரே சொல்லில் பதில் தரவும்.'

விஸ்வலிங்கம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தார். கேள்வி அப்படியேதான் இருந்தது.

"சுலைஹா, அம்மாவுக்குக் குடும்பப் பேர்னு ஒண்ணு இல்லேன்னா என்னம்மா போடுறது?"

"கோடு போட்டு விட்டுடுங்க அங்கிள்," என்றாள் சுலைஹா, பிரிண்டரில் சிக்கிய காகிதத்தை இழுத்தபடியே.

டத்தோ கிராமாட் ரோட்டில் கணவருடைய நாசி கண்டார் சோற்றுக்கடையைப் பாதியாகத் தடுத்து, ஒரு பாதியில் ஐந்து கம்ப்யூட்டர்களைப் போட்டு, 'சைபர் கஃபே' என்று போர்டு மாட்டியிருந்தாள் சுலைஹா. மறுபாதியில் கணவர் இன்னும் கறி கிண்டிக்கொண்டிருந்தார். அதனால் அந்தக் கடையில் இண்டர்நெட் எப்போதும் மீன் தலைக் கறி வாசனையோடுதான் வரும்.

கோடு போடுவதாமே! விஸ்வலிங்கம் துறைமுக ஆபீசில் சீஃப் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். வந்த கடிதத்துக்கு அன்றைக்கே பதில், அதுவும் முழுப் பதில் என்று பெயரெடுத்தவர். கேள்விக்கு எதிரே கோடு போட்டுக் கொண்டுவந்தவர்களையெல்லாம் வாசலிலேயே திருப்பி அனுப்பியவர். இந்த வயதில் அவரே கோடு போடுவாரா?

அதுவும் இது லேசுப்பட்ட கடிதமில்லை. மின்னஞ்சல் பாதுகாப்பு அதிகாரி மிஸ்டர் வில்சன் எழுதியிருந்தார். 'அன்புள்ள வாடிக்கையாளரே, கீழ்க்கண்ட விவரங்களை உடனே தராவிட்டால் உங்கள் அஞ்சல் பெட்டி நிரந்தரமாக மூடப்படும்.'

மூடினால் என்ன ஆவது? அடிலெய்டில் இருக்கும் மகள் கனகேஸ்வரி மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பெட்டிக்குத்தான் எழுதுவாள். 'அப்பா, நலமா? இங்கே வேலை அதிகம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.' அவ்வளவுதான் கடிதம். ஆனாலும் மனைவி யோகலட்சுமி போன பிறகு, கரண்டு பில்லைத் தவிர அவர் பெயருக்கு வருவது அது ஒன்றுதான். அதையும் இழந்துவிட்டு அந்த வீட்டில் அவர் எதற்காகக் காத்திருப்பது?

விஸ்வலிங்கம் விரல்களை நெட்டி முறித்துக்கொண்டு, ஆங்கிலத்தில் தட்ட ஆரம்பித்தார்.

'மதிப்புக்குரிய ஐயா, எங்கள் வழக்கத்தில் பெண்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. என் தாயார், காரைநகர் சின்னத்தம்பியின் மகள். சின்னத்தம்பி யார் என்று தாங்கள் கேட்கலாம்...'

வில்சன் கேட்கவில்லை. இருந்தாலும் விஸ்வலிங்கம் சொன்னார். சின்னத்தம்பி யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி மலாயா வந்து ரயில்வேயில் சேர்ந்தது, கப்பலில் வாந்தியெடுத்தது, ஊரில் அவருக்கும் அவர் தம்பிக்கும் பனங்காணியில் வந்த வழக்கு எல்லாம் சேர்ந்து மூன்று பக்கம் வந்தது.

மறுநாளே பதில் வந்துவிட்டது. 'நன்றி. ஒரே சொல் போதும். அடுத்த கேள்வி: உங்கள் செல்லப் பிராணியின் பெயர்?'

விஸ்வலிங்கம் அதை இரண்டு முறை படித்தார். மறுநாளே பதில்! பெற்ற மகளுக்கு ஒரு மாதம் ஆகிறது. ஜெலுத்தோங்கில் இருக்கும் பழைய ஆபீஸ் நண்பன் பரமநாதனின் மகனிடம் கெஞ்சி அப்பாவின் ஈமெயில் முகவரி வாங்கி, நான்கு கடிதம் போட்டார். பதிலுக்கு வந்தது, 'இதைப் பத்துப் பேருக்கு அனுப்பினால் அதிர்ஷ்டம் வரும்' என்ற ஒரு பிள்ளையார் படம்தான். மனைவியின் அண்ணன் மகன் தியாகராஜா கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம் சிம்பாங் அம்பாட்டில் வீடு வாங்கிப் போனவன், ஃபாக்டரியில் எஞ்சினியர், நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் இருப்பவன். அவனிடமிருந்து அந்தப் படம்கூட வரவில்லை.

'அன்புள்ள மிஸ்டர் வில்சன், எங்களிடம் செல்லப் பிராணி கிடையாது. ஆனால் எதிர்வீட்டுப் பூனை ஒன்று, நான் தேத்தண்ணி குடிக்கும் நேரம் பார்த்து வாசலுக்கு வரும். என்னுடைய பூனை இல்லையாதலால் அதற்குப் பெயர் வைக்கும் உரிமை எனக்கு இல்லை...'

இப்படியே நடந்தது. படித்த பள்ளிக்கூடம் எது என்று வில்சன் கேட்டார். விஸ்வலிங்கம் வாத்தியார்களின் பெயரோடு, அவர்கள் அடித்த காரணங்களையும் எழுதினார். பிடித்த உணவு என்ன என்று வில்சன் கேட்டார். அதற்குப் பதிலெழுத இரண்டு நாள் ஆனது. யோகலட்சுமி பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் ஒடியல் கூழைப் பற்றி எழுதும்போது, ஜெலுத்தோங் பசாரில் அவள் நண்டைத் திருப்பிப் பார்த்து வாங்கும் விதத்தையும் எழுதாமல் எப்படி இருப்பது? அவள் போன பிறகு கூழ் குடிக்கவே இல்லை, தினமும் பொட்டலச் சோறுதான் என்பதையும் எழுதினார்.

வில்சனின் கடிதங்கள் போகப்போகச் சிறுத்தன. 'ஐயா, ஒரு சொல்.' 'ஐயா, தயவுசெய்து.' கடைசியில், 'என் அன்புள்ள விஸ்வலிங்கம், நான் உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்.'

அந்தக் கடிதம் திரையில் இருக்கும்போதுதான் சுலைஹா பின்னால் வந்து நின்றாள்.

"யார் அங்கிள் இந்த வில்சன்?"

"நம்ம சிநேகிதர்."

சுலைஹா குனிந்து படித்தாள். மேலே தள்ளிப் படித்தாள். இன்னும் மேலே தள்ளினாள். தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது.

"அல்லாவே! அங்கிள், இது ஏமாத்து மெயில் லா! பெட்டியை மூடப்போறோம்னு பயமுறுத்தி, நம்ம விஷயத்தையெல்லாம் கறக்குறது. போன மாசம்தான் எனக்கு ஒரு கிளாஸ்ல சொல்லிக்குடுத்தாங்க. இந்த அட்ரஸைப் பாருங்க, வெறும் நம்பரா இருக்கு. எந்த ஆபீஸ்காரன் இப்படி அட்ரஸ் வெச்சிருப்பான்? முதல் மெயில்ல வாடிக்கையாளரேன்னு போட்டிருக்கான், உங்க பேர்கூட அவனுக்குத் தெரியல."

"ஆரம்பத்துல தெரியலதான். இப்ப அன்புள்ள விஸ்வலிங்கம்னுதானே எழுதுறார்?"

"நீங்க சொன்னதால தெரிஞ்சுது! பாஸ்வர்ட் கேட்டானா?"

"கேட்டார். தர முடியாதுன்னு எழுதிட்டேன். நீதானே யாருக்கும் சொல்லாதீங்கன்னு சொன்னே?"

சுலைஹா பெருமூச்சு விட்டாள். "அப்பாடா."

"அது என் சம்சாரத்தோட பேருன்னு மட்டும்தான் எழுதினேன். அவ போனதுக்கப்புறம் வீட்டுல அந்தப் பேரைக் கூப்பிட வழியில்லை, தினமும் இங்க வந்து பெட்டியைத் திறக்கும்போது விரலால கூப்பிடுறேன்னு எழுதினேன். வேற ஒண்ணும் சொல்லல."

சுலைஹா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கோபிக்கவும் முடியவில்லை அவளால்.

"அங்கிள், அவன் உள்ள புகுந்திருப்பான். உங்க பேர்ல உங்க ஆளுங்களுக்கெல்லாம், ஆஸ்பத்திரியில கிடக்கேன், பணம் அனுப்புங்கன்னு எழுதுவான். இப்பவே பாஸ்வர்டை மாத்திடுவோம். வேற பேர் சொல்லுங்க."

"வேற பேர் எனக்குத் தெரியாது," என்றார் விஸ்வலிங்கம்.

"அப்ப எதுக்கும் ஜாக்கிரதையா இருங்க. ரொம்ப நாள் பேசாதவங்க திடீர்னு வந்து பேசினா, பாசமா விசாரிச்சா, உங்க சொந்த விஷயத்தை நோண்டினா, அதுல என்னவோ இருக்குன்னு அர்த்தம். சும்மா யாரும் வரமாட்டாங்க அங்கிள்."

சும்மா யாரும் வரமாட்டார்கள் என்பது விஸ்வலிங்கத்துக்குப் புதிய செய்தி இல்லை. ஆனாலும் அதைச் சத்தமாக ஒருவர் சொல்லிக் கேட்டபோது என்னவோ போலிருந்தது. வில்சனையும் பறிகொடுத்தாகிவிட்டது. இனி இந்தப் பக்கமே வரக்கூடாது என்று முடிவு செய்துகொண்டு வீட்டுக்கு நடந்தார்.

மறுநாள் தேத்தண்ணி நேரத்தில் கேட்டுக்கு வெளியே ஒரு மோட்டார்சைக்கிள் நின்றது. பரமநாதன்! கையில் உருளைக்கிழங்கு அடைத்த கறிபாப் பொட்டலம்.

"என்னப்பா விஸ்வம், எப்படி இருக்கே?"

"நீ எங்க இந்தப் பக்கம்?"

"சும்மாதான்," என்றார் பரமநாதன்.

விஸ்வலிங்கத்துக்குக் காதுக்குள் மணி அடித்தது. யோகலட்சுமியின் அந்தியேட்டிச் சடங்குக்கு வந்தவர், அதற்குப் பிறகு இப்போதுதான் வருகிறார். கறிபாப் வேறு.

"சாப்பிட்டியா? உடம்பெல்லாம் பரவாயில்லையா?" பரமநாதன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "உன் ஸ்கூல் நாள் ஞாபகம் இருக்கா? உன்னை எந்த வாத்தியார்ப்பா அப்படி அடிப்பார்?"

பாசமாக விசாரிப்பு. அடுத்து சொந்த விஷயம். சுலைஹா சொன்னது ஒன்றுவிடாமல் வரிசையாக வந்தது. பாவம், இவன் ஏமாந்து பணத்தை அனுப்பிவிட்டு, வெளியே சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு வந்திருக்கிறான் என்று விஸ்வலிங்கம் கணக்குப் போட்டார்.

"பரமா, மறைக்காம சொல்லு. எவ்வளவு கொடுத்தே?"

"எதுக்கு?"

"எனக்காக."

"கறிபாப்புக்கா?" பரமநாதன் முகம் சுண்டிப்போயிற்று. "சிநேகிதன் வீட்டுக்கு வாங்கிட்டு வந்ததுக்கு விலை கேக்குறியாப்பா நீ?"

"நான் பணம் கேக்கவே இல்லை. கேட்டதா யாராவது சொன்னா நம்பாதே. போ, போய் உன் பேங்க்ல சொல்லு!"

பரமநாதன் போய்விட்டார். கறிபாப்பையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போனார். இன்னும் எத்தனை பேர் ஏமாந்தார்களோ என்ற கவலையில் விஸ்வலிங்கத்துக்குத் தூக்கமில்லை. விடிந்ததும் ஒரு அட்டையை எடுத்து, பெரிய எழுத்தில் மூன்று மொழியிலும் எழுதிக் கேட்டில் தொங்கவிட்டார்: 'இந்த வீட்டுக்காரர் யாரிடமும் பணம் கேட்கவில்லை. கேட்டால் கொடுக்க வேண்டாம்.'

அது தொங்கிய கொஞ்ச நேரத்தில் எதிர்வீட்டு ஷரீஃபா பூனையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

"அங்கிள், கந்துவட்டி ஆலோங் கிட்ட பணம் வாங்கினீங்களா? சிவப்புப் பெயிண்ட் ஊத்த வருவானுங்களா? நான் காடியை இந்த ரோட்லதான் நிப்பாட்டியிருக்கேன்!"

"கடனும் இல்லை, ஒண்ணும் இல்லைம்மா."

"இல்லாதவங்க எதுக்கு அங்கிள் போர்டு போடப் போறாங்க?"

நியாயமான கேள்விதான். மத்தியானத்துக்குள் தெருவில் நின்ற கார்கள் எல்லாம் அடுத்த தெருவுக்குப் போய்விட்டன. ஷரீஃபா தன் வீட்டுக் கதவையும் ஜன்னலையும் சாத்தினாள். பூனையும் உள்ளே மாட்டிக்கொண்டதால், அன்றைக்குத் தேத்தண்ணிக்கு அதுவும் வரவில்லை.

அதற்குப் பதிலாகத் தியாகராஜா வந்தான். கையில் ஒரு பெரிய தூக்குச்சட்டி.

"வாங்க மாமா, சாப்பிடலாம். வீட்டுல செஞ்சாங்க."

மூடியைத் திறந்தான். ஒடியல் கூழ். நண்டும் இறாலும் பயற்றங்காயும் புளியும் சேர்ந்த அந்த வாசனை, நெடுநாளாகப் பூட்டிக் கிடந்த சமையலறைக்குள் போய்விட்டு வந்தது. விஸ்வலிங்கத்துக்கு வாயில் நீர் ஊறியது, கண்ணிலும் ஊறியது. ஆனால் அவர் சீஃப் கிளார்க்.

"தியாகு, நீ எதுக்கு வந்தே?"

"சும்மா மாமா. இந்தப் பக்கமா வந்தேன்."

"சிம்பாங் அம்பாட்டிலிருந்து பாலத்துக்கு டோல் கட்டிக் கூழைத் தூக்கிக்கிட்டுச் சும்மா வந்தியா?"

தியாகராஜா தூக்குச்சட்டியின் மூடியைத் தேவையில்லாமல் துடைத்தான்.

"எனக்குக் கூழ் பிடிக்கும்னு யார் சொன்னா?"

"அது... தெரியும் மாமா. அந்தப் பூனை எங்க, இன்னிக்கி வரலையா?"

விஸ்வலிங்கம் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். பூனை விஷயம் உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருவர் அவர். இன்னொருவர் வில்சன். எஞ்சினியர், நாள் முழுக்கக் கம்ப்யூட்டர். எல்லாம் பொருந்தியது!

"வில்சன் உனக்கு என்ன வேணும்டா?"

தியாகராஜாவின் முகம் வெளுத்தது. "மாமா, அது வந்து..."

"எடுத்துக்கிட்டுப் போ! அத்தை உயிரோட இருந்திருந்தா இதைப் பார்த்து என்ன நினைப்பா?"

தியாகராஜா மூடியைப் போட்டு எடுத்துக்கொண்டு போனான். காடி தெருமுனை திரும்பும்வரை விஸ்வலிங்கம் வாசலில் நின்றார். உள்ளே வந்தபோது கூழ் வாசனை இன்னும் இருந்தது. காற்றாடியைப் போட்டால் போய்விடும் என்று போடாமல் உட்கார்ந்திருந்தார். அவ்வளவு தனியாக அவர் தன்னை என்றைக்கும் உணர்ந்ததில்லை, மனைவி போன வாரத்தில்கூட.

அப்போதுதான் டெலிபோன் அடித்தது.

"அப்பா, நான்தான். கனகேஸ்வரி."

விஸ்வலிங்கம் காலண்டரைப் பார்த்தார். தீபாவளியும் இல்லை, பொங்கலும் இல்லை. மகள் போன் பண்ணுகிற நாளே இல்லை.

"சாப்பிட்டீங்களாப்பா? தூங்குறீங்களா? நான் டிக்கெட் போட்டுட்டேன். அடுத்த வாரம் வரேன்."

"ஏன்? எதுக்கு?"

"சும்மாதான்பா."

மறுபடி அதே சொல்! பரமநாதனை ஏமாற்றி, தியாகராஜாவைக் கூட்டுச் சேர்த்து, இப்போது மகளையும் டிக்கெட் வாங்க வைத்துவிட்டானா அந்த வில்சன்? இல்லை, பேசுவது மகள்தானா? குரல் அவளுடையது மாதிரிதான் இருக்கிறது. ஆனால் இவ்வளவு நேரம் அவள் பேசியதே இல்லையே!

"நீ கனகேஸ்வரியா இருந்தா இதுக்குப் பதில் சொல்லு. உங்கம்மாவைப் பெத்த தாத்தா பேர் என்ன? எந்த ஊர்?"

அவர்கள் சாதிசனத்தில் இதைவிடப் பெரிய பரிசோதனை கிடையாது. கல்யாணம் பேச வருகிறவர்களைக்கூட வாசலில் வைத்து இதைத்தான் கேட்பார்கள்.

மறுமுனையில் மூக்கு அடைத்தாற்போல் ஒரு சத்தம் கேட்டது.

"எனக்குத் தெரியாதுப்பா," என்றாள் கடைசியில். "நீங்க சொன்னதே இல்லையே."

"நீ கேட்டதே இல்லையே!"

சொல்லிவிட்டு விஸ்வலிங்கம் போனை வைத்துவிட்டார். வைத்த பிறகுதான் தெரிந்தது, அந்தப் பக்கம் கேட்டது அழுகை என்று. அழுதால் கனகேஸ்வரிக்கு முதலில் மூக்கு அடைத்துக்கொள்ளும். அது எந்த மோசடிக்காரனுக்கும் வராது.

மறுபடி போன் பண்ண அவளுடைய நம்பர் அவரிடம் இல்லை. அவளாகப் பண்ணினால்தான் உண்டு. விஸ்வலிங்கம் சட்டையை மாட்டிக்கொண்டு, பொத்தானை மாற்றிப் போட்டபடியே, சுலைஹாவின் கடைக்கு ஓட்டமும் நடையுமாகப் போனார்.

"சுலைஹா! அந்தத் திருடனைப் பிடிக்கணும். எல்லாரையும் கெடுத்துட்டான். பரமநாதன் போயிட்டான், தியாகு போயிட்டான், எதிர்வீட்டுப் பூனைகூட வர்றதில்லை. இப்ப என் பிள்ளையை அழவெச்சிட்டேன். அவ வராமலே இருந்துட்டான்னா?"

"மூச்சு வாங்காதீங்க அங்கிள், உட்காருங்க. பாஸ்வர்ட் நீங்களே போடுங்க."

அவர் ஒவ்வொரு எழுத்தாக மனைவியைக் கூப்பிட்டார். பெட்டி திறந்தது. சுலைஹா எலியை உருட்டி, அனுப்பிய கடிதங்களின் பக்கத்துக்குப் போனாள். விஸ்வலிங்கம் எழுதாத ஒரு கடிதம் அங்கே இருந்தது. கனகேஸ்வரி, பரமநாதன், தியாகராஜா மூன்று பேருக்கும் ஒன்றாகப் போயிருந்தது. பரமநாதன் கறிபாப்போடு வந்ததற்கு முதல் நாள் தேதி.

"எவ்வளவு கேட்டிருக்கான்? படி," என்றார் விஸ்வலிங்கம், கண்ணை மூடிக்கொண்டு.

சுலைஹா மனசுக்குள் படித்தாள். பிறகு இன்னொரு முறை படித்தாள். தடுப்புக்கு அந்தப் பக்கம் அவள் கணவர் கரண்டியைத் தட்டும் சத்தம் கேட்டது.

"பணம் கேக்கல அங்கிள்."

"பின்னே?"

அவள் ஆங்கிலத்தைத் தமிழாக்கிக்கொண்டே மெதுவாக வாசித்தாள்.

"'உங்களுக்கு என்னைத் தெரியாது. நான் வில்சன் என்ற பெயரில் எழுதும் ஒரு மோசடிக்காரன். இந்தப் பெரியவரின் பெட்டிக்குள் புகுந்துவிட்டேன். உள்ளே திருட ஒன்றும் இல்லை. மகளின் கடிதங்கள்தான் இருக்கின்றன. எல்லாவற்றையும் அச்சடித்தாலும் ஒரு பக்கம் தேறாது. எனக்கு அவர் எழுதியதை அச்சடித்தால் புத்தகமே போடலாம். அவருக்கு நோய் இல்லை, பணக்கஷ்டம் இல்லை. அவருக்கு ஒடியல் கூழ் பிடிக்கும். ஒரு பூனை வரும், அதைப் பற்றிக் கேட்டால் சந்தோஷப்படுவார். பள்ளிக்கூட வாத்தியார்களைப் பற்றியும் கேளுங்கள். தினமும் எனக்கே எழுதிக்கொண்டிருக்கிறார், என்னால் தொழில் பண்ண முடியவில்லை. தயவுசெய்து யாராவது அவர் வீட்டுக்குப் போங்கள்.'"

சுலைஹா நிறுத்தினாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"இன்னும் ஒரு வரி இருக்கு அங்கிள். 'நான் சொல்லி வந்ததாக மட்டும் சொல்லிவிடாதீர்கள், பாவம். சும்மா வந்தேன் என்று சொல்லுங்கள்.'"